சாலையோர நடுகல்லுக்கும் சுமைதாங்கிக்கும் தகவல் பலகை வைப்பது எப்படி?

புளியமரத்தடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊருக்குள் நுழையும் தார்ச்சாலையின் வளைவில், பழைய புளியமரம் ஒன்றின் கீழே, இடுப்பளவு உயரமுள்ள பலகைக்கல் ஒன்று நிற்கிறது. ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்திய வீரன் அதில் செதுக்கப்பட்டிருக்கிறான். அவன் தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து இருக்கிறது. நாங்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். எழுத்து என்ன சொல்கிறது என்பது என் தாத்தா காலத்திலேயே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. புதையலுக்கு வழி சொல்லும் குறிப்பு என்று நம்பி, நான் பிறப்பதற்கு முன்பு யாரோ இரவோடு இரவாகக் கல்லின் அடியைத் தோண்டிப் பார்த்தார்களாம். கல் சாலைப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பது அதனால்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

அதற்கு இருபது அடி தள்ளி ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல்தூண்கள், மேலே ஒரு குறுக்குக்கல். குறுக்குக்கல்லின் முகப்பில், நம்மால் படிக்கக்கூடிய தமிழிலேயே, இன்னாருடைய குமாரத்தி இன்னாள் ஞாபகார்த்தம் என்றும், யுவ வருடம் தை மாதம் என்றும் வெட்டியிருக்கிறது. ஆங்கில ஆண்டு இல்லை.

இப்போது சாலையை அகலப்படுத்த அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுமைதாங்கித் தூணின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண்ணும் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்ட பிறகுதான் ஊர் இளைஞர்களுக்கு இந்தக் கற்களின் மேல் அக்கறை வந்தது. இரண்டுக்கும் தகவல் பலகை வைத்துவிட்டால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று சொல்லி, ஒரே வாரத்தில் பணமும் திரட்டிவிட்டார்கள். பலகையில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. "பல்லவ மாமன்னரின் படைத்தளபதி" என்று எழுத வேண்டும் என்கிறார் ஒருவர். அந்த வீரன் தங்கள் சாதிக்காரன் என்று எழுதாவிட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறார் இன்னொருவர். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே இவ்வளவும் நடக்கிறது.

பலகையில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது, யாரிடம் அனுமதி பெற வேண்டும், சாலைப்பணி தொடங்குவதற்கு முன் நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மைப்படி:

ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கல்வெட்டு ஆய்வாளர்கள் களப்பணிக்கு வரும்போது வாளியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு அவர்களுடன் அலைந்தவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி எதுவும் இல்லை. இருந்தாலும் உங்கள் வட்டாரக் கற்கள் எனக்கு ஓரளவு பழக்கம்.

பலகையைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்தக் கல்லே ஒரு தகவல் பலகைதான் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். வீரர்களுடைய "பெயரும் பீடும் எழுதி" அதர்தொறும் கல் நட்டார்கள் என்று அகநானூறு சொல்கிறது. அதர் என்றால் வழி. போகிற வருகிறவர்கள் நின்று படிக்க வேண்டும் என்பதற்காகவே வழியோரத்தில் நட்டார்கள். அதே அகநானூற்றின் 343ஆம் பாடல், உப்பு வணிகர் வண்டியின் சக்கரம் உரசியதால் தலை சிதைந்த ஒரு நடுகல்லைக் காட்டுகிறது. உளியால் வெட்டிய கோடுகள் மாய்ந்துபோனதால், வழிப்போக்கர்கள் அதை வேறு பொருள்படப் படித்துக்கொண்டு போகிறார்களாம். சாலைப் போக்குவரத்தால் கல் சேதமாவதும், சேதமான கல்லை ஆளுக்கொரு விதமாகப் படிப்பதும் உங்கள் ஊரில் புதிதாகத் தொடங்கியவை அல்ல.

செங்கம் வட்டாரம் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் ஒன்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்தக் கற்களின் பாடங்களைத் தொகுத்து 1972இலேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே உங்கள் கல்லை ஏற்கெனவே யாராவது படித்து அச்சேற்றியிருக்கிறார்களா என்று அதில் தேடிப் பார்ப்பது முதல் வேலை. அதில் இல்லையென்றால், கல்லின் படங்களுடன் துறையின் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் எழுதுங்கள்; நகலை வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள்.

இனி, எழுத்து என்ன சொல்லக்கூடும் என்பது. இந்த வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வடிவில் அமைந்தவை. அவற்றின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். "கோவிசைய" என்று தொடங்கி அரசன் பெயர் வரும். "பருமற்கு" என்பது வர்மனுக்கு என்பதன் அக்கால வடிவம். அடுத்து அந்த அரசனின் ஆட்சியாண்டு. பிறகு இன்ன தலைவனின் சேவகன், இன்ன ஊரில் தொறுக்கொண்ட நாளில் பட்டான் என்று வந்து, "கல்" என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்துபட்டான். தொறு என்பதைத் தெரு என்று படித்துவிட்டு, தெருச்சண்டையில் செத்தவன் என்று விளக்கம் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்தனூர்க் கல்லை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் உங்கள் மாவட்டம்தான். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்திருக்கிறான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன்; அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக ஒரு வாசகம் இருக்கிறது. வீரனுக்குப் பின்னால் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அந்த ஊரில் யாரோ ஒருவர் அந்தப் பெயரையும் வெட்டச் சொன்னார் என்பதுதான் காரணம். மாமன்னன் என்றோ தளபதி என்றோ அந்தக் கல்லில் இல்லை. எருமை மேய்த்தவனுக்கு மாமன்னன் பட்டம் தேவைப்படவும் இல்லை.

ஆகவே உங்கள் பலகையில், கல்லில் இருப்பதை இருக்கிறபடி ஒரு முறையும், அதன் பொருளை இன்றைய தமிழில் ஒரு முறையும் எழுதுங்கள். சாதியைப் பற்றி எதுவும் வேண்டாம். நான் பார்த்த இந்த வட்டாரக் கற்கள் வீரன் யாருடைய சேவகன், யாருடைய மகன் என்று சொல்கின்றன. இன்று நாம் சொல்லும் சாதிப் பெயர்களை அவற்றின் மேல் ஏற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவது செலவு குறைந்த வழி.

எழுத்தைப் படிக்க முயல்வதாக இருந்தால், கம்பித் தூரிகை, அமிலம், எழுத்துப் பள்ளத்தில் சுண்ணாம்பு தடவுவது ஆகிய எதுவும் கூடாது. இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் படமெடுங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல்கூட நிழலாக எழுந்து நிற்கும். நான்கு திசையிலிருந்தும் தனித்தனியாக ஒளி பாய்ச்சி எடுத்து இங்கே பதிவிடுங்கள்.

ஏரிக்கரையான்:

நாங்கள் தருமபுரிப் பக்கம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் உள்ள நடுகல்லுக்குப் பலகை வைத்த குழுவில் நானும் இருந்தேன். நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன். அவற்றை நீங்கள் தவிர்த்தால் போதும்.

முதல் தவறு மேடை. கல் மண்ணில் புதைந்து கிடக்கிறதே என்று, சுற்றிலும் சிமென்டு மேடை கட்டி, அதன் மேல் டைல்ஸ் பதித்தோம். திறப்பு விழாவன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தக் கல்லின் பாடம் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருப்பது தெரியவந்தது. எடுத்துப் பார்த்தால், நாங்கள் படித்து வைத்திருந்ததைவிட ஒரு வரி அதிகமாக இருந்தது. அந்த வரியில்தான் ஊரின் பழைய பெயர் வருகிறது. அது வீரனின் காலுக்குக் கீழே, எங்கள் மேடைக்குள் இருக்கிறது. உடைத்தால் கல்லும் சேர்ந்து உடையும் என்பதால், இன்று வரை அந்த வரி சிமென்டுக்கு உள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது தவறு வண்ணம். கல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, வீரனுக்கு எனாமல் பெயின்ட் அடிக்க ஓர் ஓவியரைப் பிடித்தோம். அவர் தம் விருப்பத்துக்கு மீசையும் வரைந்துவிட்டார். அந்தப் பெயின்டை எடுக்கும் வழி தெரிந்தவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை. எழுத்துப் பள்ளங்களில் பெயின்ட் இறங்கி அடைத்துக்கொண்டதால், இனி மைப்படி எடுப்பதும் (ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது) சிரமம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது, பலகை செய்த பொருள். இரும்புத் தகட்டில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது கோடையில் சிவப்பு எழுத்து முழுவதும் வெளுத்துப்போய், கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியது. சிவப்பில் இருந்தவை பெயர்களும் ஆண்டுகளும். அவை போன பிறகு, "காலத்தில்" "என்பவர்" "இறந்தார்" என்று ஒரு விடுகதை போலப் பலகை நிற்கிறது. நீங்கள் கருங்கல் பலகையில் வெட்டி வையுங்கள். கல்லறைக்கும் கோயில் உபயத்துக்கும் எழுத்து வெட்டும் ஆட்கள் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருப்பார்கள். எழுத்துக்குக் கூலி என்பதால் வாசகம் தானாகவே சுருங்கிவிடும். அதுவும் ஒரு நன்மை.

பலகையை நடுகல்லிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, கல்லை மறைக்காமல், நின்று படிப்பவரின் முதுகு சாலையின் பக்கம் இல்லாதபடி வையுங்கள். எங்கள் பலகையைப் படிக்க வேண்டுமென்றால், வளைவில் வரும் பேருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வீரனின் கோட்டுருவம் ஒன்றையும் பலகையில் வெட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து அதியமான் பெருவழியில் கிடைத்த காதக்கல் நினைவுக்கு வருகிறது. நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று அதில் எழுத்தில் வெட்டியதோடு நிற்காமல், பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் தோண்டி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவியே தூரத்தை எண்ணிக்கொள்ளலாம். இருட்டில் வருகிறவனுக்கும் அது உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

தகடூரான்:

எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்கெனவே ஒருமுறை தோண்டப்பட்ட கல் அது. சாலையும் அகலமாகப் போகிறது. பேசாமல் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அப்படிக் கொண்டுவந்து வைத்த நடுகற்கள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. புலியோடு போரிட்டு இறந்தவர்களுக்கு எடுத்த கற்களையும் மற்றவற்றையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது.

மைப்படி:

தகடூரான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயல் உழும்போது கிடைத்த கல், துணி துவைக்கப் போட்ட கல், பாலத்துக்கு அடியில் கிடந்த கல் ஆகியவற்றுக்கு அருங்காட்சியகமே கதி. ஆனால் நட்ட இடத்திலேயே நின்று, இன்றும் பூசை வாங்கும் கல்லைப் பெயர்ப்பதற்கு நான் உடன்படமாட்டேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழ்பிராமிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்பதுதான் அதன் முழு வாசகம். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான். இவ்வளவு சிக்கனமான வாசகத்துக்கு, கல் நின்ற மண்ணும் வாசகத்தின் ஒரு பகுதி. இடத்தைப் பிரித்துவிட்டால் பாதி வாக்கியத்தை அழித்தது போல ஆகிவிடும்.

சாலைக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், சில அடிகள் பின்னுக்கு நகர்த்தி நடுவது அடுத்த வழி. அப்போதும் தொல்லியல் துறையின் ஆள் ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்தத் திசையைப் பார்த்து நின்றது, மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இருந்தது, அடியில் வேறு கல்லோ தாழியோ இருந்ததா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, பழைய இடத்தின் ஆயத்தொலைவையும் பதிந்துவைக்க வேண்டும். பொக்லைன் வாளியில் கட்டித் தூக்கவே கூடாது. பலகைக்கல் இடுப்பில் முறியும்.

வலிகாமம்:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் வீரனைப் பற்றியே பேசுகிறீர்கள்; சுமைதாங்கியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி, மடம் ஆகியவை அருகருகே இருக்கும். சந்தைக்குத் தலைச்சுமையோடு போகிறவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் சுமைதாங்கி, மாடு தினவு தீர உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், குடிக்கக் கேணித் தண்ணீர், படுக்க மடம். தலைச்சுமைக்காரர் குனியாமல் சுமையைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதால் அந்த உயரத்தில் கட்டினார்கள். உங்கள் கல்லின் உயரத்தை அளந்து பலகையில் எழுதுங்கள். அந்த அளவைப் பார்த்தாலே, அது எதற்காக நின்றது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்.

கர்ப்பிணியாகவோ பிள்ளைப்பேற்றின்போதோ இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைப்பது உங்கள் நாட்டிலும் எங்கள் நாட்டிலும் இருந்த வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்கி வைத்தால் அவளுக்கு ஆறுதல் உண்டாகும் என்பது நம்பிக்கை. உங்கள் கல்லில் குமாரத்தி என்று இருப்பதால், தகப்பன் வீட்டார் அமைத்தது என்று கொள்ளலாம். ஆனால் அவர் பிரசவத்தில் இறந்தார் என்று கல்லில் இல்லாவிட்டால், வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி எழுதிவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தார் ஊரில் இருந்தால், அவர்களிடம் கேட்ட பிறகே எழுதுங்கள். வீரனுக்காவது கும்பிட ஆள் இருக்கிறது. சுமைதாங்கிக்குப் பூசை இல்லை. தலைச்சுமையும் போய்விட்டதால் வேலையும் இல்லை. வீதி அகலமாகும்போது முதலில் பெயர்த்துப் போடுவது அதைத்தான். இங்கே அப்படிப் போனவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு. அறுபது வருட வட்டத்தில் யுவ வருடம் 1875, 1935, 1995 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. கல்லில் தை மாதம் என்று இருப்பதால், ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டின் சனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை என்று வரும். அதாவது 1876 அல்லது 1936. பலர் இந்தத் தை மாதத்தில் தடுக்கி விழுந்து ஓராண்டைக் குறைத்து எழுதிவிடுவார்கள். இரண்டில் எது என்பதை, அந்தப் பெண்ணின் உடன்பிறந்தாருடைய பேரப்பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் கேட்டுத் தீர்மானியுங்கள்.

கடல்கடந்தவன்:

நான் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். இங்கே சாலையோர வரலாற்றுப் பலகைத் திட்டம் 1927இல் தொடங்கியது. காரில் போகிறவர்கள் ஓரமாக நிறுத்திப் படிக்கட்டும் என்று, எல்லாப் பலகைகளையும் ஒரே அச்சில் வார்த்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளக் குறி கொடுத்திருக்கிறார்கள். வாசகம் ஏறக்குறைய நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். எனக்குப் பிடித்த வழக்கம், பலகையின் அடியில் அதை வைத்த அமைப்பின் பெயரையும் ஆண்டையும் பொறிப்பது. தொடக்க காலப் பலகைகளில் பல, உள்நாட்டுப் போரின் சண்டைகளையும் தளபதிகளையுமே பேசின. கறுப்பின மக்களையும் பெண்களையும் பற்றிய பலகைகள் பெருமளவில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சில பழைய வாசகங்களைத் திருத்திப் புதிய பலகைகளும் வைத்திருக்கிறார்கள். பலகையில் ஆண்டு இருந்தால்தான், இது எந்தக் காலத்து ஆட்கள் எழுதியது என்று பின்னால் வருகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். வலிகாமம் சொன்னதைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. உங்கள் இளைஞர்கள் திரட்டிய பணத்தில் எவ்வளவு வீரனுக்கு, எவ்வளவு சுமைதாங்கிக்கு என்று தெரிந்துகொள்ள ஆவல்.

புளியமரத்தடி:

எல்லோருக்கும் நன்றி. கடல்கடந்தவன் கேட்டதற்கு உண்மையான விடை: சுமைதாங்கிக்கு என்று ஒன்றும் ஒதுக்கியிருக்கவில்லை. இப்போது இரண்டுக்கும் சமமாகப் பிரித்திருக்கிறோம்.

நேற்றிரவு எட்டு மணிக்கு மேல் ஐந்தாறு பேர் போய், மைப்படி ஐயா சொன்னபடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகளாகத் திருநீறும் எண்ணெயும் பூசிய கல்லில், மூன்று வரிக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வீரனின் வலக்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய உருவமும் தெரிகிறது. எடுத்தனூர்க் கதையைக் கேட்டதிலிருந்து பையன்கள் அதை நாய் என்கிறார்கள். என் கண்ணுக்கு அது மாடு போல இருக்கிறது. படங்களைப் பதிவிட்டிருக்கிறேன்.

ஊராட்சித் தலைவர், வரும் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது என்பதால், அந்தத் தீர்மானத்தின் நகலுடன் கோட்டப் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கப் போகிறோம். சுமைதாங்கிப் பெண்ணின் தம்பி மகள் எழுபது வயதைக் கடந்தவர். பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். தன் அப்பா சிறுவனாக இருந்தபோது அக்காவுக்காக அந்தக் கல்லை ஏற்றிவந்த வண்டியின் பின்னால் நடந்து வந்ததாகச் சொல்வார் என்றார். ஆகவே 1936தான். தலைப்பிரசவத்தில் இறந்தவர் என்பதையும் அவரே சொன்னார். எழுதலாம் என்றும் சொன்னார்.

சுமைதாங்கிக்கு நாங்கள் எழுதியிருக்கும் வாசகம் இது: "இச்சுமைதாங்கி, தலைப்பிரசவத்தில் இறந்த (பெயர்) அவர்களின் நினைவாக, அவருடைய தந்தையார் (பெயர்) யுவ வருடம் தை மாதம் (1936) அமைத்தது. தலைச்சுமையுடன் சந்தைக்குச் சென்றவர்கள் இதன் மேல் சுமையை இறக்கி இளைப்பாறினார்கள். உயரம் நான்கு அடி ஏழு அங்குலம். ஊர்ப் பொதுமக்கள் வைத்தது." பெயர்களை இங்கே எழுதவில்லை, பலகையில் கல்லில் இருக்கிறபடியே வரும்.

வேடியப்பன் கல்லுக்கு இப்போதைக்கு எழுதியிருப்பது: "வேடியப்பன் என்று வணங்கப்படும் இந்த நடுகல், பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்கும் போரில் வீரமரணம் எய்திய மாவீரனுக்காக நடப்பட்டது." இதில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்:

சுமைதாங்கி வாசகத்தில் கை வைக்காதீர்கள், நன்றாக இருக்கிறது. பலகை வைத்த ஆண்டை மட்டும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். தூணில் உள்ள வெள்ளைப் பெயின்டை நீங்களாகச் சுரண்ட வேண்டாம். அளவெடுத்தவர்கள் போட்ட குறி அது. மனுவுக்கு விடை வரும் வரை அது அங்கேயே இருக்கட்டும். குறியோடு படமெடுத்து மனுவில் இணையுங்கள்.

மைப்படி:

படங்களைப் பார்த்தேன். இரண்டாவது படத்தில், மூன்றாம் வரியின் நடுவில் "தொறு" என்பதும், நான்காம் வரியின் கடைசியில் "பட்டான் கல்" என்பதும் எனக்கு ஐயமின்றித் தெரிகின்றன. முதல் வரியில் "கோவிசைய" வரை படிக்கலாம். அதன் பிறகு கல் பொரிந்திருக்கிறது. அரசன் பெயரை ஊகிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே உங்கள் பையன்கள் கல்வெட்டுக்காரரிடம் போய்விடுவார்கள்.

உங்கள் வாசகத்தில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். "ஆநிரை மீட்கும் போரில்" என்பதற்கு இன்னும் ஆதாரம் இல்லை. மந்தையைக் கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்பது, தொறு என்பதை அடுத்து வரும் சொல்லைப் படித்தால்தான் தெரியும். இரண்டு வகையினருக்கும் கல் நட்டிருக்கிறார்கள். கவரப் போனவன் என்று தெரியவந்தால் ஊரில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் அதை அப்படியே எழுதத்தான் வேண்டும். "மாவீரன்", "வீரமரணம் எய்திய" ஆகியவற்றை எடுத்துவிட்டு, பட்டான் என்ற கல்லின் சொல்லையே போட்டு, இறந்தான் என்று பக்கத்தில் பொருள் கொடுங்கள். "பல்லவர் காலத்தில்" என்பதும் முதல் வரியின் மிச்சத்தைப் படித்த பிறகுதான். வேடியப்பன் என்ற பெயர் முதலில் வந்திருப்பது சரி. அதை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். ஊரார் இத்தனை தலைமுறையாகக் கும்பிட்டு வந்ததால்தான் அந்தக் கல் துவைகல்லாகப் போகாமல் தப்பியது.

காலடி உருவம் நாயா மாடா என்று எனக்கும் தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் சொல்ல முடியும். ஆய்வாளர் ஒருவரிடம் பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு மைப்படி எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாளும் மையும் தூரிகையும் அவர் கொண்டுவருவார். ஈரத்தாள் காற்றில் பறக்காமல் ஒட்ட வேண்டும் என்பதால், காலை ஏழு மணிக்கெல்லாம் வேலையைத் தொடங்கிவிடுவோம். நான்கு குடம் நல்ல தண்ணீரும், கல்லுக்கு நிழல் கட்ட ஒரு பழைய வேட்டியும் வேண்டும். அதுவரை கல்லுக்கு எண்ணெய் சாத்த வேண்டாம் என்று பூசாரியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பையன்களை அனுப்பினால் கோபித்துக்கொள்வார்.